அதுக்கும் ஒரு மீன் இருக்கு சார்!

தொட்டிக் கண்ணாடியில் பச்சை படிந்தால் பழைய ஏடிஎம் கார்டை எடுத்துச் சுரண்டுகிறவர்கள் ஒரு ரகம். வண்டியை எடுத்துக்கொண்டு கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குக் கிளம்புகிறவர்கள் இன்னொரு ரகம். இவர் இரண்டாவது ரகம்.

கூடத்தில் மூன்றடித் தொட்டி. உள்ளே அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், வாலிஸ்னேரியா. முன்பக்கம் புல்தரை மாதிரி பரவும் என்று சொல்லி விற்கப்பட்ட மான்டி கார்லோ. மேலே தொட்டியைவிட விலை கூடிய எல்இடி விளக்கு. காலை ஏழு மணிக்கு எரியத் தொடங்கினால், கடைசி விருந்தாளி செருப்பு மாட்டும்வரை எரியும். செடித் தொட்டிக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேர வெளிச்சம் போதும் என்று யாராவது சொன்னால், "அமேசான்ல யாரு சார் ஸ்விட்சை ஆஃப் பண்றாங்க?" என்பார். அமேசானிலும் சாயங்காலம் ஆறு மணி வாக்கில் சூரியன் இறங்கிவிடுகிறது என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை.

பிறகு பாசி வரும். வராமல் என்ன செய்யும்? விளக்கு மட்டும் ஜோராக எரிகிறது. அந்த வெளிச்சத்துக்கு ஈடாகச் செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு இல்லை. மூன்று வேளையும் விழுகிற மீன் தீனியில் பாதி மணலில் கிடந்து அழுகி அம்மோனியா ஆகிறது. செடி திணறும்போது பாசிக்குக் கொண்டாட்டம். ஆனால் இவர் முகத்தில் கவலையின் ரேகை தெரியாது. ஒரு மலர்ச்சிதான் தெரியும். "அதுக்கு ஒரு மீன் இருக்கு சார்."

முதலில் வந்தது சக்கர் மீன். கடைக்காரத் தம்பி அதை 'டேங்க் கிளீனர்' என்றுதான் சொன்னான். "இத விட்டாப் போதும்ணா, கைய தண்ணில வைக்க வேணாம்." மூன்று அங்குல உருவம், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் வாய். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் கெளுத்தி ஒரு அடியைத் தாண்டி வளரும் என்பதைத் தம்பியும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. எட்டே மாதத்தில் அது தொட்டியின் குடும்பத் தலைவர் ஆகிவிட்டது. திரும்புகிற ஒவ்வொரு முறையும் வாலால் மான்டி கார்லோவில் ஒரு பிடியைப் பெயர்த்தது. மீதியிருந்த புல்தரைமேல் முழ நீளத்துக்குக் கறுப்பு நூல்போலக் கழிவைக் கோலம் போட்டது. பாசியைத் தின்கிற மீன் அதை வெளியே அனுப்புவதும் அதே தண்ணீருக்குள்தான். இந்த எளிய கணக்கை இவர் இன்றுவரை போட்டுப் பார்த்ததில்லை.

அடுத்து இலை ஓரங்களில் கரும்பச்சை நிறத்தில் தாடி முளைத்தது. பொழுதுபோக்காளர்கள் பி.பி.ஏ. என்று சுருக்கிச் சொல்லும் தாடிப்பாசி. இதைத் தின்னும் மீன் உண்மையிலேயே இருக்கிறது: சயாமீஸ் ஆல்கே ஈட்டர். சிக்கல் என்னவென்றால், கடையில் அந்தப் பெயரைச் சொல்லி மூன்று வேறு மீன்களைக் கொடுப்பார்கள். அசல் மீனுக்கு மூக்கு முனையில் தொடங்கும் கறுப்புக் கோடு வால்துடுப்பின் பிளவுவரை ஓடும். துடுப்புகளில் நிறமே இருக்காது. கறுப்புக் கோட்டின்மேல் தங்கச் சரிகை ஓடி, துடுப்பிலும் நிறமிருந்தால் அது ஃப்ளையிங் ஃபாக்ஸ். உறிஞ்சும் வாயோடு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றால் சைனீஸ் ஆல்கே ஈட்டர். கோட்டையும் துடுப்பையும் பார்க்க இவருக்கு எங்கே நேரம்? "நல்லா ஒட்டுது பாருங்க, இதான் வேலை செய்யும்" என்று மூன்றாவதை வாங்கி வந்தார்.

சைனீஸ் ஆல்கே ஈட்டர் குட்டியாக இருக்கும்வரை பாசி தின்னும். வளர வளர அந்த ருசி போய், தட்டையான மீன்களின் உடம்பில் ஒட்டி, மேலேயுள்ள கோழையைச் சுரண்டித் தின்னப் பழகிக்கொள்ளும். இவர் வீட்டு ஏஞ்சல் மீன் பக்கவாட்டில் அதைச் சுமந்துகொண்டு தொட்டி முழுக்க ஓடியதை விருந்தாளிகள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். "ரெண்டும் விளையாடுது" என்று இவர் விளக்கம் சொன்னார்.

பிறகு ஒருவழியாக அசல் சயாமீஸ் ஜோடியும் வந்து சேர்ந்தது. முதல் வாரம் தாடியை மேய்ந்தன, பொய் சொல்லக் கூடாது. ஆனால் மாலையில் அலுவலகத்திலிருந்து வந்து குனிந்து பார்த்தவருக்கு மனசு கேட்கவில்லை. "வயிறு ஒட்டிப்போச்சே" என்று ஒரு சிட்டிகை பெல்லட் போட்டார். மறுநாள் இரண்டு சிட்டிகை. சுலபமாகத் தீனி கிடைத்தால் தாடிப்பாசியைத் திரும்பியும் பார்க்காத மீன் அது. ஒரே மாதத்தில் இரண்டும் தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு இவர் கால் ஓசைக்குக் காத்திருக்க ஆரம்பித்தன.

இந்த இடத்தில் இவரைத் திட்டவும் முடியவில்லை. ஓட்டோசிங்க்ளஸ் வாங்கிய கதையிலும் அப்படித்தான். ஒன்றரை அங்குல மீன், இலையின்மேல் படியும் பழுப்புப் பாசியை நக்கி எடுப்பதில் கெட்டிக்காரன். கடைக்கு வருகிறவற்றில் பெரும்பாலானவை காட்டு ஆறுகளில் பிடிக்கப்பட்டவை. கண்டம் தாண்டி வரும் வழியெல்லாம் பட்டினி. வந்த முதல் வாரங்களிலேயே பல செத்துப்போகும். குளிர்ச்சியான தண்ணீரில் இருக்க வேண்டியவற்றை, சென்னை மே மாதத்தில், கைவைத்தால் வெதுவெதுவென்றிருக்கும் தொட்டியில் விட்டார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து டார்ச் அடித்து எண்ணுவார். எண்ணிக்கை குறைந்த அன்றைக்கு வீட்டில் யாரிடமும் பேசமாட்டார். கடைசி மீன் போனபோது துளசிமாடத்துப் பக்கம் குழி தோண்டி வைத்தார்.

துக்கம் ஆறியதும் டகாஷி அமானோவைப் பிடித்துக்கொண்டார். தொழில்முறை சைக்கிள் பந்தய வீரராக இருந்து, புகைப்படக்காரராகி, 1982இல் ஏடிஏ நிறுவனத்தைத் தொடங்கி, செடித் தொட்டியை உலகெங்கும் ஒரு கலையாக்கிய ஜப்பானியர். பாசிக்கு இறாலை இறக்கும் வழக்கத்தைப் பரப்பியவரும் அவரே. அந்த இறாலுக்கு இன்று அவர் பெயர்தான். "அமானோவே இறாலை வெச்சுத்தான் சமாளிச்சார்" என்பார் இவர். அமானோ வாராவாரம் தண்ணீர் மாற்றச் சொன்னதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார். லிஸ்பன் மீன்காட்சியகத்தில் 2015இல் திறக்கப்பட்ட அமானோவின் 40 மீட்டர் நீளத் தொட்டியில்கூட, முங்குநீச்சல் உடுப்பு மாட்டிய ஆட்கள் உள்ளே இறங்கித்தான் செடி கத்தரிக்கிறார்கள், சுத்தம் செய்கிறார்கள். எப்படியோ, இறால் வந்தது. தொட்டியில் இருந்த ஏஞ்சல் மீன்களுக்கு அமானோ யாரென்று தெரியாது. இறால் என்றால் தெரியும்.

நத்தைக் காண்டம் சுருக்கமானது. கண்ணாடியில் ஒட்டிய கெட்டிப் புள்ளிப்பாசியைச் சுரண்ட நெரைட் நத்தையைவிட நல்ல ஆள் கிடையாது. அது நன்னீரில் பொரியாத வெள்ளை முட்டைகளை மரக்கட்டை முழுக்க எள் தூவியதுபோல ஒட்டிவைத்தது. நகத்தால் கீறினாலும் வராது. இவர் கடைக்குப் போன் போட்டார்: "தம்பி, இந்த முட்டையைத் தின்ன ஏதாச்சும் மீன் இருக்கா?" தண்ணீரே பச்சையாகிப்போன சமயத்திலும் அதே கேள்விதான். தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்ன இந்த மீன்களால் ஆகாது. புற ஊதா விளக்கு வைக்கலாம், அல்லது நாலு நாள் போர்வை போட்டு மூடி இருட்டடிக்கலாம். போர்வை என்றதும் இவர் முகம் சுருங்கிவிட்டது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய விளக்கை அணைப்பதா?

சிரித்துச் சொல்ல முடியாத சங்கதி ஒன்று உண்டு. அந்தச் சக்கர் மீன் தொட்டிக்கு அடங்காமல் போனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாளியில் தூக்கிப்போய்ப் பக்கத்து ஏரியில் விட்டுவிட்டு வந்தார். "பொழச்சுப் போகட்டும்னு விட்டேன் சார்" என்று புண்ணியக் கணக்கில் வேறு எழுதிக்கொண்டார். பிழைக்கும், அதுதான் வம்பு. தண்ணீரை விட்டு எடுத்தாலும் பல மணி நேரம் உயிரோடு கிடக்கிற ஜீவன் அது. கரையைக் குடைந்து பொந்து வைத்து முட்டையிடும். முள்துடுப்பால் வலையைக் கிழிக்கும். கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்புநிலங்களிலும், ஆந்திரத்திலும், கேரளத்திலும், தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் இப்படி விடப்பட்டவற்றின் வாரிசுகள் பெருகிக் கிடக்கின்றன. வலையில் கெண்டை வர வேண்டிய இடத்தில் இது வருகிறது. சந்தையில் வாங்க ஆளில்லை. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்திருக்கலாம், பெரிய தொட்டி வைத்திருப்பவரைத் தேடியிருக்கலாம். ஏரியில் கொண்டுபோய் விட இவருக்கு உரிமை கொடுத்தது யார்? இதை அவரிடம் நேராகச் சொன்னபோது, "ஒரே ஒரு மீன்தானே சார்" என்றார்.

போன ஆடியில் குடும்பத்தோடு ஊர்க் கொடைக்குத் திருநெல்வேலி போய்விட்டார். வீட்டுக் காவலுக்கு மாமியார். ஃபில்டர் ஓடட்டும் என்று விட்ட அந்த அம்மாள், விளக்கை மட்டும் அணைத்துவிட்டார். "மாப்பிள்ளையே இல்ல, மீனுக்கு எதுக்கு இம்புட்டு லைட்டு?" தீனி டப்பாவும் அவர் கைக்கு எட்டாத அலமாரியில் இருந்தது. ஒரு வாரம் இருட்டு, ஒரு வாரம் விரதம். பச்சைத் தண்ணீர் தெளிந்தது. பசித்த சயாமீஸ் ஜோடி வேறு வழியில்லாமல் தாடிப்பாசியில் வாய் வைத்திருந்தது. அனுபியாஸ் இலைகளின் ஓரம் பல மாதங்களுக்குப் பிறகு கண்ணில் பட்டது.

திரும்பி வந்தவர் தொட்டிமுன் நின்று சிலிர்த்துப்போனார். மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினார், அண்டை வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினார். "மீனுக்குக் கொஞ்சம் டைம் குடுக்கணும் சார், அவ்வளவுதான்." மறுநாளே கொளத்தூர் போய் இன்னும் ஒரு ஜோடி வாங்கி வந்தார். கூடவே விளக்கின் நேரத்தையும் ஒரு மணி கூட்டி வைத்தார்.

"அதை எதுக்குங்க கூட்டினீங்க?" என்று மனைவி கேட்டதற்கு, "பாசி தீர்ந்துபோச்சுன்னா அதுங்க எதைத் திங்கும்?" என்றார்.