கடையில் கண்ணைப் பறித்த டிவி

கேள்வி: புது டிவியில் சினிமா பார்த்தால் சீரியல் மாதிரி வழவழவென்று ஓடுகிறதே, ஏன்?

பதில்: சினிமா நொடிக்கு 24 பிரேம்களில் எடுக்கப்படுகிறது. உங்கள் டிவியோ இடையிடையே தானாகப் புதுப் பிரேம்களை உருவாக்கிச் செருகுகிறது. பதமாக இறக்கிய குழம்பில் பரிமாறுகிறவர் தண்ணீர் கலக்கிற வேலை! இந்த 'மோஷன் ஸ்மூத்திங்'கை அணைக்கச் சொல்லி, 2018-இல் டாம் குரூஸே வீடியோ வெளியிட்டார். (கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.)

கையோடு 'விவிட்' மோடையும் மாற்றிவிடுங்கள். கடை வெளிச்சத்தில், வரிசையாக ஓடும் டிவிகளுக்கு நடுவே கண்ணை இழுக்க அது சரி. வீட்டுக் கூடத்தில் கதாநாயகி முகத்தில் நீலம் பூத்துவிடும். 'சினிமா' அல்லது 'பிலிம்மேக்கர்' மோடு போதும். முதல் இரண்டு நாள் மஞ்சளடித்தாற்போல் இருக்கும். பொறுங்கள், கண் பழகியதும் மனிதத் தோல் மனிதத் தோலாகவே தெரியும்.