கூடம் கோணல்தான், கணக்கு இருக்கிறது

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு எங்கள் வாட்ஸப் குழுவில் ரேங்க் வரும். ஏழரை என்பது தற்செயலாக அமைந்த நேரம் என்று கமிஷனர் அண்ணன் சத்தியம் செய்கிறார். நான் நம்பவில்லை.

பன்னிரண்டு பேர், பன்னிரண்டு அணிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரி விமர்சனம். மற்றவர்கள் மேலிருந்து படிப்பார்கள். நான் கீழிருந்து படிப்பேன். ஒரே வரியில் வேலை முடிந்துவிடும், காபியும் ஆறாது.

ஆறாம் வகுப்பில் ரேங்க் கார்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை கதவோரம் நிற்பேன். வயிற்றுக்குள் ஏதோ புரளும். அது அதற்கப்புறம் எந்த நேர்முகத் தேர்விலும் வந்ததில்லை, விசா அலுவலகத்தில்கூட வந்ததில்லை. நாற்பத்தாறு வயதில், சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில்லில் என் வீட்டுச் சமையலறையில் அது திரும்ப வந்திருக்கிறது. அன்றைக்குக் கையெழுத்துப் போட அப்பா இருந்தார். இன்றைக்கு அந்தக் கட்டைவிரல் பொம்மையை நானே போட வேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். நாங்கள் ஃபேன்டஸி பேஸ்பால் ஆடுகிறோம். நம்மூரில் ட்ரீம் லெவன் தெரிந்தவர்களுக்குப் பாதி புரிந்துவிடும். அங்கே ஒரு மேட்ச்சுக்கு ஓர் அணி, ராத்திரியோடு முடிந்தது. இங்கே அவஸ்தை ஆறு மாதம். மார்ச்சில் எல்லோரும் உட்கார்ந்து, முறைவைத்து, நிஜ ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகப் பொறுக்கிக்கொள்வோம். அதன் பெயர் டிராஃப்ட். ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் எடுக்க முடியாது. அதன்பின் அந்த ஆள் எந்த ஊர் மைதானத்தில் ஹோம் ரன் அடித்தாலும் புள்ளி எனக்கு. அவர் காலில் சுளுக்கிக்கொண்டால் வலியும் எனக்கு. வாரத்துக்கு ஓர் எதிரி, திங்கள் முதல் ஞாயிறு வரை. எதிரிகள் 11 பேர், இரண்டு சுற்று, ஆக 22 வாரம். முதல் ஆறு பேர் செப்டம்பரில் பிளே-ஆஃப் போவார்கள். ஜெயித்தவர் பெயரை ஓர் எவர்சில்வர் குடத்தில், கல்யாணப் பாத்திரத்தில் வெட்டுவதுபோல் வெட்டிக் கொடுப்போம். குடத்தில் இதுவரை என் பெயர் இல்லை. ஆனால் குடம் வாங்கிக் கொடுத்தது நான்.

லீகை நடத்துபவருக்குக் கமிஷனர் என்று பெயர். இது அமெரிக்க வழக்கம். ஒருமுறை தென்காசியில் இருக்கும் அம்மாவிடம், "கமிஷனர் கூப்பிட்டுத் திட்டிட்டாரும்மா, அதான் போன் பண்ண லேட்டு" என்று சொல்லிவிட்டேன். போனில் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த நாள் அவளே கூப்பிட்டாள். "நம்ம தெருவுல ரிட்டயர்டு ஏட்டையா ஒருத்தர் இருக்காருப்பா. வேணும்னா அவர அங்க பேசச் சொல்லட்டா?"

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு தகப்பன் உண்டு. டேனியல் ஒக்ரென்ட் என்ற எழுத்தாளர் 1980-ல் நண்பர்களைக் கூட்டித் தொடங்கியதுதான் இன்றைய ஃபேன்டஸி பேஸ்பாலின் வேர். நியூயார்க்கில் அவர்கள் கூடிச் சாப்பிட்ட பிரெஞ்சு உணவகத்தின் பெயரில் 'ரோட்டிசெரி' ஒட்டிக்கொண்டிருந்தது. சுழற்றிச் சுடும் கோழிக்குரிய அந்தச் சொல்லே ஆட்டத்துக்கும் பெயராகிவிட்டது. கண்டுபிடித்த ஒக்ரென்ட் தம் லீகில் ஒருதடவைகூட ஜெயித்ததில்லை என்பது என் பூஜையறையில் மாட்டி வைக்க வேண்டிய செய்தி.

ஆனால் ஒக்ரென்ட்டின் ஆட்டத்தில் ஒரு பெரிய குறை. அங்கே வாராவாரம் எதிரி கிடையாது. சீசன் முழுக்க எல்லோரும் எல்லோரோடும் ஒரே நேரத்தில் போட்டி. ஹோம் ரனில் யார் முதல், திருடிய பேஸில் யார் முதல் என்று வரிசை போட்டுக் கூட்டிவிடுவார்கள். அட்டவணை என்ற ஒன்றே இல்லை. அப்படியானால் தோற்றவன் எதைத் திட்டுவான்? எங்கள் லீகில் ஒருமுறை, "அந்தப் பழைய முறைக்கே போயிடலாமே, அதுதான் நியாயம்" என்று ஒருவர் சொன்னார். பதினோரு பேர் ஒருமனதாக மறுத்தோம். நாங்கள் அதுவரை எதிலும் ஒருமனதாக இருந்ததில்லை.

எங்கள் குழுவில் தோற்றவர் யாரும் "நான் மோசமாக ஆள் எடுத்தேன்" என்று சொன்ன வரலாறு இல்லை. கேள்வித்தாள் கஷ்டம், அவுட் ஆஃப் சிலபஸ் என்று வளர்ந்த தலைமுறை. மதுரைக்கார மச்சான் ஒருவனுக்கு டென்வர் தோஷம். கடல்மட்டத்துக்கு மேல் கிட்டத்தட்ட 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. காற்று மெலிசு, அடித்த பந்து கூடுதல் தூரம் பறக்கும். அதைக் கட்டுப்படுத்தவே 2002 முதல் பந்துகளை ஈரப்பதம் உள்ள அறையில் வைத்து எடுத்து ஆடுகிறார்கள். "என்கூட ஆடுறவனோட பேட்டர்ஸ் எல்லாம் அந்த வாரம் பார்த்து டென்வர் போயிடறாங்கடா" என்பது அவன் நிரந்தர ஒப்பாரி. இன்னொருவருக்கு 'ரெண்டு ஸ்டார்ட்' தோஷம். தொடக்கப் பிட்சர் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறைதான் பந்து வீசுவார். நாள் சரியாக விழுந்தால் ஒரே வாரத்தில் இரண்டு ஆட்டம் கிடைக்கும். அந்த நாள் எப்போதும் எதிராளிக்கே சரியாக விழுகிறதாம்.

நான் இவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன். 2024 சீசனின் ஐந்தாவது வாரம் என்னை மாற்றியது. அந்த வாரம் நான் 412 புள்ளி எடுத்தேன். அதுவரை என் அணி எடுத்ததில் அதுவே அதிகம். லீகில் வேறு பத்துப் பேர் 390-ஐத் தொடவில்லை. மிச்சமிருந்த ஒருவர் கோயமுத்தூர் அக்கா. அவர் 419. அந்த வாரம் என் எதிரி யார் என்று நீங்கள் கேட்கவே வேண்டாம். பதினொன்றில் பத்துப் பேரை வீழ்த்தியிருக்கக்கூடிய நான் தோற்றேன். அதே வாரம் 240 புள்ளி எடுத்த ஒருவன், 231 எடுத்தவனைத் தோற்கடித்துவிட்டுக் குழுவில் பட்டாசு வெடித்தான்.

அட்டவணை போட்டவன் யார் என்று அன்றிரவு தேடினேன். நிஜ பேஸ்பாலில் திட்டுவதற்கு ஆள் இருந்தார்கள். 30 அணிகள், அணிக்கு 162 ஆட்டம், ஆக மொத்தம் 2,430. இத்தனை சிக்கலையும் ஹென்றி, ஹாலி ஸ்டீபன்சன் என்ற கணவனும் மனைவியும் 2004 வரை இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டிலிருந்தே பின்னிக்கொடுத்தார்கள். ஒரு தம்பதியைத் திட்டுவதில் ஒரு குடும்ப உணர்வு இருந்திருக்கும். எங்கள் அட்டவணையைப் போட்டது செயலி. அண்ணன் ஒரு பொத்தானைத் தட்டினார், அவ்வளவுதான். பொத்தானை எப்படித் திட்டுவது?

எனவே எக்செல்லைத் திறந்தேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பழமொழி அவளைக் கேலி செய்கிறது. சரி, கூடத்தை யாராவது அளந்து பார்த்தார்களா? நான் அளப்பது என்று முடிவுசெய்தேன். பதினோரு வாரம் முடிந்து, எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை ஆடியிருந்த ஜூன் மாதம் அது. என் கணக்கில் 3 வெற்றி, 8 தோல்வி. முதலிடத்தில் இருந்த அக்காவுக்கு 9 வெற்றி, 2 தோல்வி. ஒவ்வொருவருடைய பதினோரு எதிரிகளின் வெற்றிகளையும் கூட்டிச் சராசரி எடுத்தேன். யார் எவ்வளவு பலசாலிகளோடு மோத வேண்டியிருந்தது என்பது அதில் தெரிந்துவிடும்.

தெரிந்தது. என் எதிரிகளின் வெற்றிவிகிதம் 52.1. லீகிலேயே ஆகக் கடினமான அட்டவணை என்னுடையது. ஆகச் சுலபமானது யாருக்கு? அக்காவுக்கு. 47.1. அதோடு நிற்கவில்லை. கடைசியிலிருந்து இரண்டாமவருக்கு இரண்டாவது கடினம், முதலிலிருந்து இரண்டாமவருக்கு இரண்டாவது சுலபம் என்று, புள்ளிப் பட்டியலைத் தலைகீழாகக் கவிழ்த்தாற்போல் விடை வந்தது. நியாயமாகச் சந்தேகம் வர வேண்டிய இடம் அது. எனக்குப் புல்லரித்தது.

கூடவே இன்னொரு கணக்கும் போட்டிருந்தேன். அட்டவணையே இல்லாமல், ஒவ்வொரு வாரமும் எல்லோரும் எல்லோரோடும் மோதியிருந்தால் யார் எங்கே இருப்பார்கள் என்று. அதிர்ஷ்டத்தை முழுக்கக் கழித்துவிட்டுப் பார்த்தால் நான் பன்னிரண்டாம் இடத்திலிருந்து பதினோராம் இடத்துக்கு உயர்ந்தேன். அந்தத் தாளை மட்டும் அழித்துவிட்டேன்.

ராத்திரி பதினொன்றரைக்கு முதல் அட்டவணையைக் குழுவில் போட்டேன். மூன்று நிறத்தில், தசம எண்களோடு, 'உண்மை தூங்காது' என்ற தலைப்பில். எனக்கு மேலே இருந்த பதினோரு பேரும் ஏதோ வகையில் வழிநெடுகச் சலுகை பெற்றவர்கள் என்று அதில் நிரூபணமாகியிருந்தது. கோபம் வரும், விவாதம் வரும் என்று காத்திருந்தேன்.

அக்காதான் முதலில் வந்தார். காப்பீட்டு நிறுவனத்தில் ஆக்சுவரி. யார் எப்போது சாவார்கள் என்பதையே கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குபவர். அணியில் ஓட்டானியை வைத்திருப்பவரும் அவர்தான். ஒரே சீசனில் 50 ஹோம் ரன்னும் 50 பேஸ் திருட்டும் என்ற எல்லையை முதன்முதலில் தாண்டி, அந்த வருஷம் 54, 59 என்று முடித்த மனிதர். அக்கா அதைப் பற்றி ஒரு நாளும் பெருமையடித்ததில்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் எரிச்சல்.

"தம்பி, கணக்குச் சரிங்க. ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு" என்று எழுதினார். "எல்லாரும் எல்லார் கூடவும் ஒருக்கா ஆடியாச்சுங்களா? அப்ப எல்லாருக்கும் ஒரே எதிரிங்கதான். வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு. நாங்க எல்லாம் உங்ககூட ஆடினோமுங்க. உங்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லீங்களே."

நான் இரண்டு முறை படித்தேன். பிறகு விரல்விட்டுக் கூட்டினேன். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து மொத்தம் 66 வெற்றி. என் எதிரிகளின் வெற்றி என்பது 66-ல் என் மூன்றைக் கழித்தது, 63. அக்காவின் எதிரிகளுக்கு 66-ல் ஒன்பது கழித்தது, 57. பதினோரு எதிரிகளும் ஆடிய 121 ஆட்டத்தால் வகுத்தால் என் தசம எண்கள் அப்படியே வருகின்றன. யார் கடைசியோ அவருக்குத்தான் எப்போதும் கடினமான அட்டவணை. காரணம் எளிது. லீகில் இருப்பதிலேயே சுலபமான எதிராளி, அவர் ஒருவருக்கு மட்டும் கிடைப்பதில்லை. நான் மூன்று நிறத்தில் அளந்து காட்டியது கூடத்தின் கோணலை அல்ல, என் காலின் கோணலை.

அடுத்த செவ்வாய் ஏழரைக்கு என் பெயருக்குப் பக்கத்தில் அண்ணன் எழுதியிருந்தார்: "12. அட்டவணை கடினம். மற்றவர்களுக்கு இவர்தான் அட்டவணை."

ஆறுதல் தேடி நிஜ பேஸ்பாலைப் பார்த்தால், எங்கள் ஊரிலேயே எனக்கொரு துணை இருந்தது. சிகாகோ வொயிட் சாக்ஸ். அந்த ஜூலையில் தோற்க ஆரம்பித்து ஆகஸ்டில் போய் நின்றார்கள், தொடர்ந்து 21 தோல்வி. ஊர்ப்பாசத்தில் நான் எடுத்திருந்த அவர்கள் பிட்சர் காரெட் குரோஷே அந்த சீசனில் 209 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார். அவர் பெயரில் ஏறிய வெற்றி ஆறு, தோல்வி பன்னிரண்டு. டிராஃப்டில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அவர்தான். அவரைப் பார்க்கும்போதெல்லாம் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்ததுபோல் இருந்தது.

அவர்கள் கதையிலும் அக்காவின் கணக்கு அப்படியே பொருந்தியது. 2023-ல் அட்டவணையைத் திருத்தி, 30 அணிகளும் ஒன்றோடொன்று மோத வழிசெய்தார்கள். அதற்காகச் சொந்தப் பிரிவின் எதிரிகளோடு ஆடுவதை 19-லிருந்து 13 ஆகக் குறைத்தார்கள். அப்படியும் வொயிட் சாக்ஸோடு 13 ஆட்டம் என்பது பிரிவில் இருந்த மற்ற நால்வருக்கும் பதின்மூன்று தீபாவளி. கான்சஸ் சிட்டி அதில் 12-ஐ ஜெயித்தது. 2023-ல் 106 ஆட்டம் தோற்ற அணி, 2024-ல் 86 வெற்றியோடு பிளே-ஆஃபுக்குள் நுழைந்தது. நால்வரில் மூன்று பேர் பிளே-ஆஃப் போனார்கள். அந்தப் பிரிவில் வொயிட் சாக்ஸோடு ஆடும் யோகம் இல்லாத ஒரே அணி வொயிட் சாக்ஸ்.

எங்கள் லீகின் 22-வது வாரம் டென்வர் தோஷ மச்சானுக்கும் எனக்கும் ஆட்டம். ஜெயித்தால் அவனுக்கு ஆறாவது இடம், பிளே-ஆஃப். ஜெயித்தான். தோஷம் அந்த வாரம் எங்கே போனது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் டெவன் அவென்யூவில் வாங்கிய மைசூர்பாகுப் பெட்டியோடு வீட்டு வாசலில் நின்றான். பெட்டிமேல் 'என் ஷெட்யூலுக்கு நன்றி' என்று எழுதியிருந்தது. என் மனைவி அதைப் படித்துவிட்டு, "ஆறு மாசத்துல இதால வீட்டுக்கு வந்தது இது ஒண்ணுதான்" என்று உள்ளே எடுத்துப் போனாள்.

செப்டம்பர் 27 இரவு தொலைக்காட்சியில் டெட்ராய்ட் ஆட்டம் ஓடியது. எதிரணி வொயிட் சாக்ஸ். டெட்ராய்ட் ஜெயித்தது, பிளே-ஆஃப் இடம் உறுதியானது. அதே ஆட்டம் வொயிட் சாக்ஸுக்கு 121-வது தோல்வி. 1962-ல் நியூயார்க் மெட்ஸ் தோற்ற 120-ஐத் தாண்டிய நவீன காலச் சாதனை. ஒரே மைதானத்தில் ஒரு பக்கம் ஷாம்பெயின், இன்னொரு பக்கம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் ஆட்கள். மைசூர்பாகில் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, அடுத்த வருஷம் ஒரு சின்னத் திருத்தம். நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? ஒரே ஒரு வாரம், என்னை என்கூட ஆட விடுங்க."

அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். கமிஷனர் அல்லவா, எதையும் எடுத்த எடுப்பில் தள்ளமாட்டார்.

"விடலாம் தம்பி, அதுல ஒண்ணுமில்ல. ஆனா அதுலயும் ஒருத்தன் தோக்கணுமே. அது யாருன்னு நினைக்கிறே?"