டிராகன் என்ன வாடை அடிக்கும்?

ஏலே பேராண்டி, இங்க வா. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. நேத்து ராத்திரி நம்ம திண்ணையில நீ கதை சொல்ல, உன் சேக்காளிங்க நாலு பேரும் ஆளுக்கொரு வேசம் பூண்டு ஆடுன ஆட்டத்தை, தூங்குற மாதிரிக் கண்ணை மூடிக்கிட்டு முழுசாக் கேட்டேன். பிரமாதம். எட்டு மணிக்கு எல்லாரும் டிராகன் குகைக்குள்ள நுழைஞ்சீங்க. எட்டேகாலுக்கு ஒருத்தன் செல்போனுக்குள்ள நுழைஞ்சான். எட்டரைக்கு இன்னொருத்தன் விட்ட கொட்டாவியில ஈ உள்ள போயிட்டு வெளிய வந்துச்சு. எட்டே முக்காலுக்கு அந்த வில்லாளிப் புள்ள எந்திரிச்சுப் போய், "ஆச்சி, வெங்காயம் எதுவும் உரிக்கணுமா?"ன்னு கேட்டுச்சு. டிராகனை நிக்க வச்சுட்டு வெங்காயம் உரிக்கப் போன வீராங்கனையை நான் எந்தக் கதையிலயும் கேட்டதில்ல.

இப்ப வந்து, "ப்ளேயர்ஸ் உள்ள மூழ்கவே மாட்டேங்கிறாங்க தாத்தா"ன்னு புலம்புதே. மூழ்கணும்னா தண்ணி வேணும்லே. நீ அரைமணி நேரமா ரூல்புக்கைத்தான் தோண்டிக்கிட்டு இருந்தே. ஊத்து தட்டுப்படவே இல்ல.

இந்த ஆட்டத்தோட பூர்வீகம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலம், லேக் ஜெனிவான்னு ஒரு சின்ன ஊரு. அங்க கேரி கைகாக்ஸ்னு ஒரு மனுசன். இன்சூரன்ஸ் உத்தியோகம் போன பிறகு ஷூ ரிப்பேர் பண்ணிக் குடும்பத்தை ஓட்டினவர். பக்கத்து மின்னசோட்டாவுல டேவ் ஆர்னெசன். அவரு தன் கூட்டாளிங்களைப் பிளாக்மூர்னு ஒரு இல்லாத ஊருக்கு மேசையில உக்காத்தி வச்சே கூட்டிக்கிட்டுப் போனாரு. ரெண்டு பேரும் சேந்து 1974-ல டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை மூணு சின்னப் புஸ்தகமா ஒரு பெட்டியில போட்டு வித்தாங்க. மொத அச்சு 1,000 பெட்டி. அந்தப் பெட்டிக்குள்ள நீ வாங்கி வச்சிருக்கிற ஊதா லைட்டு இல்ல, மழை பெய்யிற ஸ்பீக்கர் இல்ல, ரெண்டாயிரம் ரூவா டிராகன் பொம்மை இல்ல. ஆனாலும் ஆட்டம் நம்ம திண்ணை வரைக்கும் வந்து சேந்துருச்சு. ஒரு சமாச்சாரம் மட்டும் எனக்கு விளங்கல. இருவது மூஞ்சிப் பகடையில ஒண்ணு விழுந்தா நீங்க தலையில கை வைக்கீங்க. உங்க ஆச்சிக்குத் தாயக்கட்டையில ஒண்ணு விழுந்தாத்தான் காய் கட்டத்துல இறங்கும், "தாயம்!"னு தெருமுனை வரைக்கும் கத்துவா. சரி, அது கிடக்கட்டும்.

நேத்து குகையை எப்படி வர்ணிச்சே? "நாப்பதடி நீளம், முப்பதடி அகலம், வடக்கே ஒரு வாசல், கிழக்கே ஒரு வாசல்." சர்வேயர் சங்கிலி பிடிச்ச மாதிரி இருந்துச்சு. டிராகனுக்குப் பட்டா குடுக்கப் போறியா? அதுக்கப்புறம் ரெண்டு பக்கத்துக்கு ஏதோ எழுதி வச்சு வாசிச்சே. வாசிச்சு முடிக்கயில கோழி கூவாத குறைதான். டிராகன் என்ன வாடை அடிக்கும்னு மட்டும் சொல்லல. பாழடைஞ்ச கோயிலுக்குள்ள போயிருக்கியா? மொதல்ல வவ்வால் வாடை வரும். அப்புறம் உள்ளங்காலு சில்லுங்கும். கண்ணு பழகி உள்ள இருக்கிற சாமி தெரியறது அதுக்கும் பிறகு. வாடை ஒண்ணு, குளிர் ஒண்ணு, அந்த ரெண்டைச் சொல்லிட்டு வாயை மூடு. மிச்சக் குகையை அவங்களே கட்டிக்குவாங்க. நீ கட்டிக் குடுத்த குகையை விட அது பெரிசா இருக்கும், வாடகையும் இல்ல.

ரூல்புக்கை என்னத்துக்குப் புரட்டினே? கயித்தைப் பிடிச்சுப் பள்ளத்தைத் தாண்ட எத்தனை நம்பர் விழணும்னு பாக்க. உன் புஸ்தகத்துலயே, சுளுவான காரியத்துக்கு 10, நடுவாந்திரத்துக்கு 15, கஷ்டத்துக்கு 20னு போட்டிருக்குன்னு நீதானே சொன்னே? மூணு நம்பரை மனசுல வைக்க முடியாதவன் எப்படிலே இஞ்சினியரானே? வாய்க்கு வந்த நம்பரைத் தைரியமாச் சொல்லு. தப்பா இருந்தா நாளைக்குத் திருத்திக்கலாம். அவன் அங்க கயித்துல தொங்கிக்கிட்டு இருக்கான். நீ இங்க எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுதே.

அப்புறம் கூப்பிடுற லட்சணம். "மச்சான், உன் டர்ன்டா." மச்சான்னு கூப்பிட்டா அவன் மச்சானாத்தான் நிப்பான், மந்திரவாதி எங்கிருந்து வருவான்? 2010-ல வின்சென்ட் பேக்கர்னு ஒருத்தர் எழுதின 'அபோகாலிப்ஸ் வேர்ல்ட்'ங்கிற ஆட்டத்துல இதையே சட்டமா வச்சிருக்காருன்னு ஒருநா நீயே எனக்குப் படிச்சுக் காட்டினே: ஆடுறவன்கிட்டப் பேசாதே, அவன் பூண்டிருக்கிற வேசத்துக்கிட்டப் பேசு. படிச்சுக் காட்டின வாய்தான் ராத்திரி மச்சானைக் கூப்பிட்டுச்சு. வெங்காயம் உரிக்கப் போச்சே அந்தப் புள்ள, அதுக்கிட்ட, "வில்லாளி, இந்த டிராகன் பல்லு இடுக்குல மாட்டியிருக்கிற துணி உன் அண்ணன் சட்டை மாதிரி இருக்கே?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஆச்சி கூப்பிட்டாலும் எந்திரிச்சிருக்காது.

சத்திரக்காரன் பேரைக் கேட்டதுக்கு, "ம்ம்ம்... பாப்"னு சொன்னே. அஞ்சு நிமிசம் கழிச்சு வந்த கொல்லனும் பாப். பத்துப் பேரை ஒரு துண்டுத் தாளில எழுதி வச்சுக்கோ, காசா பணமா?

இவ்வளவும் சில்லறை. உன்னோட பெரிய கோளாறு வேற.

சின்ன வயசுல நம்ம ஊருக்குத் தோல்பாவைக்கூத்து வரும். திரைக்குப் பின்னால ஒத்த ஆளு உக்காந்து ராமனுக்கும் ராவணனுக்கும் அவனே குரல் குடுப்பான், அவனே ஆட்டுவான். நாங்க வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருப்போம். நீயும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டே. நாலு பேரையும் வச்சுக்கிட்டு நாலு பேரு குச்சியையும் நீயே பிடிச்சுக்கிட்டே. டிராகன்கிட்டப் பேரம் பேசலாமான்னு அந்தக் கண்ணாடிப் பய கேட்டான். முடியாதுன்னே. புகை போட்டு வெளிய கிளப்பலாமான்னான். முடியாதுன்னே. திரும்பிப் போயிருவோமான்னான். கதவு அடைச்சிருச்சுன்னே. மூணாவது தடவை "முடியாது" காதுல விழுந்ததும்தான் அவன் செல்போனை எடுத்தான், நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பொம்மை போன் பாக்காதுலே. மனுசனைப் பொம்மையா வச்சா பாப்பான்.

சரி, ஒரே ஒரு இடத்துல விட்டுக் குடுத்தே, அதுலயும் கள்ளம். மந்திரவாதி செத்துருவான்னு பயந்து, உன் முன்னால மறைப்பா நிறுத்தி வச்சிருந்த அட்டைக்குப் பின்னால பகடையை உருட்டிப் பொய் நம்பர் சொன்னே. உன் மூஞ்சி காட்டிக் குடுத்துருச்சு. சாகமாட்டோம்னு தெரிஞ்ச பிறகு எவன் பயப்படுவான்? கைகாக்ஸ் 1975-ல ஒரு போட்டிக்காக 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்'னு ஒரு கல்லறையைக் கட்டி விட்டாரு. சுவத்துல பச்சைப் பிசாசு மூஞ்சி, வாயைத் திறந்துக்கிட்டு. உள்ள போனா போனதுதான். பகடை உருட்டித் தப்பிக்க இடமில்ல. அவ்வளவு கொடுமை நம்ம திண்ணைக்கு வேண்டாம். ஆனா அந்தக் கல்லறைக்குள்ள ஒருத்தனாவது கொட்டாவி விட்டிருப்பான்னு நினைக்கே?

லைட்டுதான் வேணும்னா, லைட்டுக்கு ஒரு வேலை குடு. 2015-ல வந்த 'டென் கேண்டில்ஸ்'ல பத்து மெழுகுவத்தி ஏத்தி வச்சு, அணைய அணையக் கதை முடிவை நெருங்குமாம். அங்க காத்தடிச்சாலும் வயித்தைக் கலக்கும். 2005-ல வந்த 'டிரெட்'ல பகடையே கிடையாது, ஜெங்கா மரக்கட்டை அடுக்குல இருந்து ஒண்ணொண்ணா உருவணும், சாய்ச்சவன் கதையை விட்டு அவுட்டு. உன் ஊதா லைட்டுல ரெண்டு விட்டில்பூச்சி வந்து விழுந்ததைத் தவிர ஒண்ணும் நடக்கல.

சிரிச்சதுக்கு மட்டும் கோவிச்சுக்காதே. சண்டை நடுவுல ஒரு பய ஜோக்கடிச்சான்னு மூஞ்சியைத் தூக்கி வச்சே பாரு. பாவைக்கூத்துல உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பாங்க. அவங்க போன கையோட சீதை அழுவா, நாங்களும் அழுவோம். அப்புறம், மேசையில எக்ஸ் போட்ட சீட்டு ஒண்ணு வச்சிருந்தியே, யாருக்காவது மனசு தாங்கலன்னா அதைத் தொட்டாப் போதும், அந்தக் காட்சியைத் தாண்டிப் போயிரணும்னு. அது உருப்படியான காரியம். கைப்பிடிச் சுவரு இருக்கிற கிணத்தைத்தான் புள்ளைங்க தைரியமா எட்டிப் பாக்கும்.

என்னலே முழிக்கே? நேத்து ஒம்பது மணிக்கு உனக்கு ஆபீஸ் போன் வந்து தோட்டத்துப் பக்கம் போனியே, இருவது நிமிசம், அப்ப இங்க என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. நான் கண்ணைத் திறந்து, "வில்லாளி அம்மா, அந்த டிராகன் போன வாரம் தின்ன மூணு ஆடும் என்னோடது. அதைக் கொன்னுட்டா நான் யாருகிட்டப் போய்க் காசு கேக்க?"ன்னேன். அவ்வளவுதான். வெங்காயக் கையோட ஓடி வந்துச்சு. கண்ணாடிப் பய போனைக் கவுத்துப் போட்டுட்டான். ஒருத்தன் பாதிக் காசு தாரேங்கான், ஒருத்தன் ஆட்டுக்கு அடையாளம் கேக்கான், கொட்டாவிக்காரன் நான் டிராகனோட ஆளோன்னு சந்தேகப்பட்டு என் துண்டைச் சோதனை போடுதான். பகடையும் உருளல, லைட்டும் எரியல, அதை ஆச்சி அணைச்சுட்டா.

ஆட்டுக்கு ஒரு தங்கக்காசு வீதம் மூணு காசுன்னு பேசி முடிச்சிருக்கோம். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் குகை வாசல்ல வந்து வாங்கிக்கிறதா ஏற்பாடு. உன் நோட்டுல எழுதிக்கோ.