அரை நொடிக்கு ஒரு பொன்னாடை

ஜியா டானுக்குப் பாராட்டு விழா எடுக்க வேண்டும் என்று சொன்னதும் நண்பர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஏன், நம் ஊரில் யார் யாருக்கோ எடுக்கவில்லையா? ஒரு மரம் நட்டுப் பத்துப் படம் பிடித்தவர் பசுமைக் காவலர். தலைமை தாங்கியதைத் தவிர வேறெதையும் தாங்காதவர் செம்மல். இரண்டரை ஆண்டு காலம் சம்பளம் வாங்காமல், முகம் சுளிக்காமல், அடுத்தவர் வீட்டுப் பற்றுப்பாத்திரம் தேய்த்துக் கொடுத்த ஒருவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினால் என்ன குறைந்துவிடும்? அவர் திருட வந்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் உதவி செய்ய வந்தவர் வேறு யார் என்று கேட்டால் ஒரு பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்.

வீடு எது என்று சொல்லிவிடுகிறேன். எக்ஸ்இசட் என்று ஒரு நிரல் இருக்கிறது. கோப்புகளைச் சுருக்கிக் கட்டுவது, கட்டியதை அவிழ்ப்பது, அவ்வளவுதான் அதன் வேலை. லினக்ஸ் ஓடும் சர்வர்களில் அநேகமாக எல்லாவற்றிலும் அது உட்கார்ந்திருக்கும். அதைப் பராமரித்து வந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின். தனி ஆள். கூலி கிடையாது. 2022-இல் ஜிகர் குமார், டென்னிஸ் என்ஸ் என்ற பெயர்களில் இரண்டு பேர் வந்து அவரைப் பொதுவெளியில் நச்சரித்தார்கள். ஏன் தாமதம், முடியாவிட்டால் வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் போவதுதானே என்று. காசு கொடுத்து வாங்கிய தோசை தீய்ந்து வந்ததுபோல அப்படி ஒரு ஆவேசம். அதற்கு அந்த மனிதர், நெடுநாளாக மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாமல் பொழுதுபோக்காகச் செய்கிற வேலை என்பதையும் மறந்துவிடாதீர்கள் என்கிற பொருள்பட, யாரும் படிக்கக்கூடிய இடத்தில், பதில் எழுதினார்.

எக்ஸ்இசட்டைத் தம் சர்வர்களில் ஏற்றி ஓட்டுகிறவர்களில் லட்சம் கோடி டாலர் சந்தை மதிப்புள்ள நிறுவனங்கள் உண்டு. அவற்றின் அலுவலகங்களில் தியான அறை உண்டு, ஊழியர் மனநலத்துக்கென்று தனி வாரம் உண்டு. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "ஐயா, நீங்கள் ஆறு மாதம் ஓய்வெடுங்கள், சம்பளத்துக்கு ஒரு ஆளை நாங்கள் அனுப்புகிறோம்" என்று எழுத ஒரு கை நீளவில்லை. நீண்டது ஜியா டானின் கை ஒன்றுதான். 2021 இறுதியிலேயே வந்து சின்னச் சின்னத் திருத்தங்களாகக் கொடுத்துக்கொண்டிருந்த பிள்ளை. பொறுமையும் பணிவும் உள்ள பிள்ளை. 2023-இல் புதிய பதிப்புகளை வெளியிடும் பொறுப்பு அவர் கைக்கே போய்விட்டது. நச்சரித்த அந்த இரண்டு பேரும் அவருடைய ஆட்களாகவே இருந்திருக்கலாம் என்பது பின்னால் எழுந்த சந்தேகம். ஒருவன் அடிப்பான், இன்னொருவன் தண்ணீர் கொடுப்பான். நம் காவல் நிலையங்களுக்குத் தெரியாத வித்தை அல்ல.

இனி அவருடைய கைவண்ணம். சுருக்கும் நிரல் கெட்டுப்போன கோப்பை எப்படிக் கையாள்கிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா? அதற்கென்று வேண்டுமென்றே கெடுத்த சோதனைக் கோப்புகள் சிலவற்றை வைத்திருப்பார்கள். அந்தக் குப்பைக்குள் விஷத்தை வைத்தார். குப்பையில் குப்பை இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அதை எடுத்து நிரலுக்குள் தைக்கும் ஊசியையோ, எல்லோரும் பார்க்கும் மூலக்களஞ்சியத்தில் வைக்காமல், வெளியீட்டுக்கென்று கட்டிக்கொடுத்த மூட்டையில் மட்டும் செருகினார். 2024 பிப்ரவரி 24-இல் 5.6.0 வந்தது. நினைவகப் பிழை சோதிக்கும் கருவியில் என்னவோ முனகல் கேட்கிறதே என்று சிலர் சொன்னதும், மார்ச் 9-இல் 5.6.1 தந்து அதையும் சரிசெய்தார். கள்ளச்சாவி கிறீச்சிட்டதற்கு எண்ணெய் போட்டுக் கொடுத்த திருடனைக் கண்டதுண்டா? மாதச் சந்தா கட்டி வாங்கிய மென்பொருளில் புகார் சொல்லி இரண்டு வாரத்தில் தீர்வு கண்டவர்கள் கை தூக்குங்கள்.

குறி எக்ஸ்இசட் அல்ல. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் தலைவாசலான ஓபன்எஸ்எஸ்எச்தான் குறி. இத்தனைக்கும் அந்த வாசலுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் கிடையாது. லினக்ஸின் சேவைகளை மேய்க்கும் சிஸ்டம்டியோடு பேச வசதியாக இருக்கட்டும் என்று டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் விநியோகங்கள் வாசலில் ஒரு ஒட்டுப் போட்டிருந்தன. அந்த ஒட்டு வழியாக சிஸ்டம்டியின் நூலகம் வந்தது, அதன் கையைப் பிடித்துக்கொண்டு எக்ஸ்இசட்டின் நூலகம் வந்தது. சம்பந்தியின் ஒன்றுவிட்ட மச்சான் என்று சொல்லிக்கொண்டு கல்யாண வீட்டுப் பீரோ சாவியைக் கேட்கிற கதை. கேட்டார், கிடைத்தது. ரகசியச் சாவி வைத்திருப்பவர் கடவுச்சொல் ஏதுமின்றி உள்ளே புகுந்து நினைத்ததைச் செய்யலாம். ஆபத்தின் அளவுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் 10-க்கு 10 போட்டார்கள். விழா மலரில் இதைத் தடித்த எழுத்தில் அச்சிடலாம்.

பிடித்தது எந்தக் காவல்படையும் அல்ல. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தளப் பொறியாளர் தன் கணினியில் வேறெதையோ அளந்துகொண்டிருந்தபோது, உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை நொடி! நம் வங்கிச் செயலி திறப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது, நாம் யாரையாவது சந்தேகித்திருக்கிறோமா? அவர் சந்தேகித்தார், தோண்டினார், மார்ச் 29 புனித வெள்ளியன்று உலகுக்குச் சொன்னார். அவர் வேலை பார்ப்பது மைக்ரோசாஃப்டில். 2001-இல் லினக்ஸைப் புற்றுநோயோடு ஒப்பிட்டவர் அன்றைக்கு அந்நிறுவனத்தின் தலைமை அதிகாரியாக இருந்த ஸ்டீவ் பால்மர். காலம் இப்படியெல்லாம் கிண்டல் செய்யும்போது நம்மைப் போன்றவர்களுக்கு என்ன வேலை என்று தோன்றுகிறது.

மறுநாள் சனிக்கிழமை. எனக்குத் தெரிந்த மேலாளர் ஒருவர் காலை ஏழு மணிக்குப் போன் போட்டார்.

"என்னங்க, இந்த எக்ஸ்இசட்டுக்கு வெண்டர் யாரு? அவங்க அக்கவுண்ட் மேனேஜரைப் பிடிங்க. திங்கக்கிழமைக்குள்ள எழுத்துல விளக்கம் வேணும்."

"வெண்டர்னு யாரும் இல்ல சார். ஒருத்தர் சும்மா எழுதிக் குடுக்கிறாரு."

"சும்மான்னா? இதை யாரு கையெழுத்துப் போட்டு வாங்கினது?"

"யாருமே வாங்கல சார். அதான் சார் பிரச்சினை."

எஸ்கலேட் பண்ணுங்க என்றார். யாரிடம்? கடவுளிடமா?

குறிப்புகளுக்கும் அன்றைக்குப் பஞ்சமில்லை. தலையாய குறிப்பு: உடனே 5.4.6-க்குத் திரும்புங்கள். நல்ல யோசனை. அந்த 5.4.6-ஐயும் கட்டிக்கொடுத்தவர் அதே ஜியா டான். திருடன் சாவி கொடுத்த புது வீடு ஆகாது, அவனே பூசிக்கொடுத்த பழைய வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். போனோம், வேறு போக்கிடம்? தப்பித்தவர்கள் பழைய சோற்றுக்காரர்கள். நிலையான டெபியன் போன்றவற்றில் பழைய பதிப்பு கிடந்ததால் ஒன்றும் ஆகவில்லை. புதிது புதிதாக ஏற்றிக்கொண்டே இருங்கள், அதுதான் பாதுகாப்பு என்று இருபது வருஷமாக நமக்கு வகுப்பெடுத்தவர்கள் அந்த வாரம் மட்டும் விடுப்பில் இருந்தார்கள்.

எரிச்சல் ஜியா டான் மேல் அல்ல. இனாமாக உழைப்பவர்களை இப்படிக் கைவிடுவது இது முதல் தடவையா? அந்தத் தலைவாசல் பூட்டைச் செய்து உலகுக்கு இனாமாகக் கொடுத்தவர்கள் ஓபன்பிஎஸ்டி அணியினர். 2014 ஜனவரியில் அவர்கள் கையேந்தி நின்றார்கள். எதற்கு? கரண்ட் பில்லுக்கு. 20,000 டாலர் இல்லையென்றால் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்றார்கள். அந்தப் பூட்டைத் தொங்கவிட்டு வியாபாரம் செய்கிற நிறுவனங்களின் மாதாந்திரக் காபி பில்லுக்குக் காணாத தொகை. கடைசியில் கொடுத்தவர் ருமேனியாவைச் சேர்ந்த ஒரு பிட்காயின்காரர். மூன்று மாதம் கழித்து ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெடித்தது. இணையத்தின் பாதிப் பரிவர்த்தனையை மூடிக் காத்த ஓபன்எஸ்எஸ்எல், கேட்டவருக்கெல்லாம் 64 கிலோபைட் வீதம் சர்வரின் நினைவகத்தை அள்ளி அள்ளிக் கொடுத்தது. அப்போதுதான் விசாரித்தார்கள்: அதற்கு முழுநேர ஆள் ஒருவர், ஆண்டு நன்கொடை சுமார் 2,000 டாலர். வெட்கம் வந்தது. பத்துப் பன்னிரண்டு பெரிய நிறுவனங்கள் சேர்ந்து, ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர், மூன்று ஆண்டுக்குத் தருகிறோம் என்று படம் எடுத்துக்கொண்டன. துக்க வீட்டுக்குக் கொண்டுபோகிற மாலைக்கு மட்டும் எங்கிருந்தோ காசு வந்துவிடுகிறது.

2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற நிரலில் ஓட்டை. அந்தக் களேபரத்தில், கர்ல் என்ற கருவியை எழுதும் டேனியல் ஸ்டென்பெர்குக்கு ஃபார்ச்சூன் 500 பட்டியலில் உள்ள ஒரு நிறுவனம் கேள்வித்தாள் அனுப்பியது: 24 மணி நேரத்துக்குள் பதில் தேவை. லாக்4ஜே ஜாவா உலகத்துச் சமாசாரம், கர்ல் எழுதப்பட்டது சி மொழியில். கத்தரிக்காய்க் கடையில் போய் மீன் நாறுகிறதா என்று எழுதிக்கொடு என்றார்கள். ஒப்பந்தம் போட்டுப் பணம் கட்டுங்கள், பதில் சொல்கிறேன் என்றார் அவர். எக்ஸ்இசட் சூடு ஆறும் முன்பே, மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் தனக்கு அவசரம் என்று காணொளி நிரலான எஃப்எஃப்எம்பெக்கின் தன்னார்வலர்களிடம் வந்து நின்றதும், பராமரிப்பு ஒப்பந்தம் கேட்டபோது ஒரே தடவையாகச் சில ஆயிரம் டாலர் தருவதாகச் சொன்னதும் வெளியே வந்தது. அரை நொடித் திருடனைப் பிடித்த அதே கம்பெனி.

லாஸ்ஸே காலினுக்குக் கிடைத்த பரிசையும் சொல்லிவிடுகிறேன். விஷயம் வெளியானதும் கிட்ஹப் ஜியா டானின் கணக்கை முடக்கியது. கூடவே காலினின் கணக்கையும் முடக்கியது, களஞ்சியத்தையும் பூட்டியது. திருட்டுக் கொடுத்தவனையும் பிடித்து உள்ளே வை. விடுப்பில் இருந்த மனிதர் திரும்பி வந்து, வரிவரியாகப் பார்த்து, பின்கதவைப் பெயர்த்தெடுத்து, மே 29-இல் 5.6.2-ஐ வெளியிட்டார். எல்லோரும் ஏற்றிக்கொண்டார்கள், இனாமாக.

விழா ஏற்பாடுகள் முடிந்துவிட்டன. சிறப்பு விருந்தினர்தான் வரவில்லை. ஜியா டான் ஆணா பெண்ணா, ஒருவரா ஒரு கும்பலா, எந்த நாட்டுச் சம்பளம் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. பொன்னாடை மடிப்புக் கலையாமல் மேசைமேல் கிடக்கிறது. அதைப் பின்லாந்துக்கு அனுப்பிவிடலாமே என்று ஒரு இளைஞர் எழுந்து சொன்னார். அருமையான யோசனை என்று எல்லோரும் கைதட்டினோம். கூரியர் செலவு யாருடையது என்று ஒருவர் கேட்டார். அதை ஆராய ஒரு துணைக்குழு அமைத்திருக்கிறோம். குழுவுக்குத் தன்னார்வலர்கள் தேவை.