சும்மா இருந்த கால்

என் அப்பா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறிக்குள் கால் இரண்டையும் விட்டு 40 வருஷம் மிதித்தார். அந்த வம்சத்தில் வந்த எனக்கு, காலுக்கு வேலையே இல்லாத காரை வாங்கிக் கொடுத்துவிட்டான் மகன். வேகத்தை 80 என்று வைத்துவிட்டால் போதும். முன்னால் போகிற வண்டியை ரேடார் பார்த்துக்கொண்டே வரும். அது மெதுவானால் இதுவும் மெதுவாகும். அது விலகினால் பழையபடி 80ஐப் பிடிக்கும். ‘அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோல்’ என்று பெயர். என் வாயில் ‘அடாவடி குரூஸ்’ என்றுதான் வருகிறது.

முதல் வாரம் அது வேலையே செய்யவில்லை. போனில் சர்வீஸ் ஆட்களிடம் பத்து நிமிஷம் கத்தினேன். “பூஜை போட்டீங்களா சார்?” என்றான் பையன். போட்டிருந்தேன். கிரில் மறைய சாமந்தி மாலை, பம்பர் முழுக்கச் சந்தனம், குங்குமம். ரேடாரின் கண் அதற்குப் பின்னால்தான் இருக்கிறதாம். “சாமி கண்ணைத் திறக்கட்டும்னு போனா, நீங்க காரு கண்ணை மூடிட்டு வந்தீங்களா?” என்றாள் வீட்டுக்காரி.

இந்தச் சங்கதிக்கு மூலபுருஷர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர். ஐந்து வயதிலேயே பார்வை போனவர். அவருடைய வக்கீல் கார் ஓட்டும்போது, தான் பேசினால் வேகத்தைக் குறைப்பாராம், எதிராளி பேசினால் கூட்டுவாராம். அந்தக் குலுக்கல் தாங்காமல் டீட்டர் யோசித்ததுதான் வேகத்தை ஒரே சீராக வைக்கும் கருவி. 1950இல் காப்புரிமை கிடைத்து, 1958இல் கிரைஸ்லர் கார்களுக்கு வந்தது. முன்வண்டியைப் பார்த்து நடக்கும் புத்தி அதற்கு 1990களில்தான் வந்தது. இதையெல்லாம் காந்தி ரோட்டில் ஓட்டிக்கொண்டே இவளுக்கு விளக்கினேன். பின்னால் ஏழெட்டு வண்டிகள் ஹாரன் அடித்தன. “அந்த வக்கீல் உங்களுக்கு என்ன முறை?” என்றாள்.

போன மாதம் சென்னையிலிருந்து திரும்பும்போது முறைப்படி சோதித்தேன். முன்வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி என்று நாலு கோடுகளில் சொல்லலாம். நாலையும் வைத்தேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் அந்த இடைவெளியில் ஒரு கம்பெனி பஸ் நுழைந்தது. கார் மரியாதையாகப் பின்வாங்கி அதற்கும் நாலு கோடு விட்டது. அதில் ஒரு ஷேர் ஆட்டோ நுழைந்தது. மறுபடி மரியாதை. சுங்குவார்சத்திரம் வரைக்கும் முன்னேறினோமா பின்னேறினோமா என்றே தெரியவில்லை. கல்யாணப் பந்தியில் “நீங்க உட்காருங்க, நீங்க உட்காருங்க” என்று வழிவிட்டு, கடைசியில் ரசம் சாதத்தோடு எழுந்து வருபவன் நான். காருக்கும் அதே ஜாதகம்.

ஒரு கோட்டுக்குக் குறைத்தேன். ஒரு வைக்கோல் லாரி வாய்த்தது. அதன் பின்னால் எந்தக் கவலையும் இல்லை, செருப்பைக்கூடக் கழற்றிவிட்டேன். பொன்னேரிக்கரையில் லாரி இடப்பக்கம் ஒதுங்கி ஊருக்குள் திரும்பியது. எதிரே வெறும் ரோடு. அடாவடிக்கு 80 ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு வீடு ஞாபகம் வரவில்லை. ஒரே பாய்ச்சல். பிரேக்கைத் தேடிப் போன கால் செருப்பைத்தான் கண்டுபிடித்தது.

பாலுசெட்டிச்சத்திரத்தில் வண்டியை நிறுத்தி டீ சொன்னேன். பாதி கிளாஸ் வரை இவள் பேசவில்லை.

“லாரிக்குக்கூட நம்ம ஊரு தெரிஞ்சிருக்கு” என்றாள். திரும்பக் கிளம்பும்போது என் செருப்பை எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.