பந்து பக்கத்து வீட்டு வடகத்தில் இருக்கிறது

கால்பந்து ஆடத் தெரிந்தவர்கள் மைதானத்துக்குப் போய்விடுகிறார்கள். தெரியாதவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பள்ளிக்கூடத்தில் நான் பந்தைத் தொட்டதெல்லாம் அது வேலி தாண்டி விழுந்து, "டேய், எடுத்துப் போடுடா" என்று யாராவது கத்தியபோதுதான். இன்று கம்பத்தில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில், நான் கோச். கழுத்தில் விசில் உண்டு. அது தொங்குவதில்லை, தொப்பைமேல் படுத்திருக்கிறது.

நியாயமாகப் பார்த்தால் தேனி மாவட்டத்துத் தகப்பனுக்குக் கூடைப்பந்து ஆசைதான் வரவேண்டும். கோடை வந்தால் பெரியகுளத்தில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி. வங்கி அணியும் ராணுவ அணியும் வந்து ஆடும். அது வேண்டாமென்றால் கபடி இருக்கிறது, செலவு ஒரு டவுசர். எங்கள் வீட்டுக்குக் கால்பந்து குமுளி மலைப்பாதை வழியாக இறங்கியது. 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோட்டுப் பக்கம் புள்ளாவூரில் ஆற்றுக்கு நடுவே மெஸ்ஸிக்குக் கட்-அவுட் வைத்தார்கள். நெய்மார் கட்சி அதைவிட உயரமாக ஒன்றை நட்டது. அந்தச் சமயத்தில் குமுளியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் என் மச்சினன் வீட்டுக்குப் போன மகன், நீல வெள்ளைக் கோடு போட்ட சட்டையோடு திரும்பினான். டிசம்பர் 18 இறுதி ஆட்டம் 3-3 என்று முடிந்து, பெனால்டியில் அர்ஜென்டினா 4-2 என்று ஜெயித்த ராத்திரி அவன் தூங்கவில்லை. ஆகவே தெருவும் தூங்கவில்லை.

பந்து வாங்கப் போனோம். சின்னப் பிள்ளைகளுக்கு மூன்றாம் நம்பர் பந்து, எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு நான்கு, அதற்குமேல் ஐந்து என்பது உலக வழக்கம். கடைக்காரருக்கும் எனக்கும் வேறு வழக்கம் இருந்தது. "வளர்ற பிள்ளைண்ணே, பெருசாவே வாங்கிருங்க, நாலு வருஷத்துக்கு வரும்" என்றார். பள்ளிச் சீருடையை அப்படித்தானே வாங்குகிறோம்? நியாயமாகப் பட்டது. ஐந்தாம் நம்பர் பந்து சுமார் 430 கிராம் இருக்கும். மகன் ஓடி வந்து உதைத்தான். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, அவன்தான் உட்கார்ந்தான்.

மூன்றாம் நம்பர் வந்த பிறகு பயிற்சியை முறைப்படி ஆரம்பித்தேன். ராத்திரி போனில் வீடியோ பார்ப்பேன், காலையில் சொற்பொழிவாற்றுவேன். எவர்சில்வர் டம்ளர்களை வரிசையாக வைத்து அவற்றுக்கிடையே பந்தை வளைத்து ஓட்டச் சொன்னேன். "வீட்டுக்கு வந்தவுகளுக்குத் தண்ணி எதுலங்க குடுக்குறது?" என்று கீழிருந்து குரல். "கணுக்காலைப் பூட்டு, உள்பாதத்தால தட்டு" என்றேன். "சாவி எங்கப்பா?" என்றான் மகன். உள்பாதத்தை விரித்து, கணுக்காலை விறைப்பாக வைத்துத் தட்டினால் பந்து நேராகப் போகும். விரல் நுனியால் குத்தினால் அதற்குப் பிடித்த இடத்துக்குப் போகும். இதை நானே செய்து காட்டினேன். பந்து அதற்குப் பிடித்த இடத்துக்குப் போனது.

அது ஆனி மாதம் வேறு. மலை இடுக்கில் புகுந்து வருகிற காற்று கம்பம் பள்ளத்தாக்கில் தகரக் கூரையையே தூக்கிப் பார்க்கும். மூன்றாம் நம்பர் பந்து எம்மாத்திரம்? பக்கத்து மாடியில் காயப்போட்ட வடகத்தில் போய் உட்கார்ந்தது. "பெரியம்மா, பந்து" என்று போய்க் கேட்கும் பொறுப்பு ஐந்து வயது மகளுடையது. அவளை நான் ஆட்டத்தில் சேர்க்கவில்லை, எடுபிடியாகத்தான் வைத்திருந்தேன். பந்தை எடுத்துவருகிறவள் அதைக் கையில் தூக்கி வரவேண்டியதுதானே? பக்கத்து வீட்டு மாடிப்படி வாசலிலிருந்து எங்கள் மாடி வரை காலாலேயே உருட்டிக்கொண்டு, படியில் மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். இடது கால், வலது கால் என்ற பேதம் அவளுக்கு யாரும் சொல்லவில்லையாதலால் இரண்டாலும் உருட்டினாள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசியக் கோப்பையை வாங்கிய செய்தியும், கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியதும், போலீஸில் எஸ்.ஐ. ஆனதும் எனக்குத் தெரியாததல்ல. நம் வீட்டு மாடிக்கும் அது பொருந்தும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தலையால் முட்டும் பாடத்தை ஆரம்பித்த அன்று அம்மா மேலே ஏறி வந்துவிட்டார். "படிக்கிற பிள்ளை தலையில எதுக்குய்யா பந்தைப் போடுற?" விஞ்ஞானம் தெரியாத பேச்சு என்று நினைத்துத் தேடிப் பார்த்தால், அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 2015-லேயே பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்குத் தலையடியை நிறுத்தியிருக்கிறது. இங்கிலாந்தும் 2020-இல் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து அதை எடுத்துவிட்டது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. ஏற்கெனவே வீட்டில் அவர் சொல்தான் நடக்கிறது.

அடுத்து பந்தையும் மாற்றினார். ஜன்னல் கண்ணாடி ஒன்று போன மறுநாள், என் பழைய சாக்ஸுக்குள் கிழிந்த வேட்டித் துணியைத் திணித்து, உருட்டித் தைத்துக் கொடுத்தார். "இதை எங்கிட்டு உதைச்சாலும் உடையாது, போங்க." உடையவும் இல்லை, எகிறவும் இல்லை. எகிறாத பந்து காலைவிட்டு விலகாது. அதை உள்ளங்காலால் இழுக்கலாம், தள்ளலாம், திருப்பலாம். 1930-இல் உருகுவேயின் மான்டிவிடியோ நகரில் ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் சின்ன இடத்தில் ஆட ஓர் ஆட்டத்தை உருவாக்கினார். ஃபுட்சால் என்று வளர்ந்த அந்த ஆட்டத்துக்கு எகிறாத பந்துதான் ஆதாரம். பெலே பிரேசிலின் பவுரு ஊரில் சாக்ஸுக்குள் காகிதத்தை அடைத்துத்தான் ஆடிப் பழகினார். நான் மூன்று மாதம் வீடியோவில் தேடியதை அம்மா ஊசி நூலில் முடித்துவிட்டார்.

மற்றதை மாமாவின் திராட்சைத் தோட்டம் சொல்லிக்கொடுத்தது. கவாத்து முடிந்த பந்தல். மேலே வெறும் குச்சியும் கம்பியும், கீழே வரிசை வரிசையாகக் கல்தூண். பந்தல் ஆள் உயரம்தான், பந்தைத் தூக்கி அடித்தால் கம்பியில் பட்டுத் திரும்பிவிடும். தரையோடு தட்டிக்கொடுத்தால்தான் ஆட்டமே நடக்கும். டம்ளர் சுற்றியபோது கொட்டாவி விட்ட பிள்ளைகள் தூண் சுற்றிச் சுற்றி இருட்டும்வரை ஓடினார்கள். ஒருவரும் கணுக்காலைப் பூட்டச் சொல்லவில்லை, அதுவாகவே பூட்டிக்கொண்டது. நானும் உள்ளே இறங்கினேன். உயரத்துக்குப் பந்தல் இடித்தது, அகலத்துக்குத் தூண் இடித்தது. "அப்பா நீங்க நில்லுங்க, நாங்க உங்களையும் சுத்திப் போறோம்" என்றாள் மகள். அந்தப் பதவிதான் இன்றுவரை நிலைத்திருக்கிறது. வரப்பில் நின்ற மாமா, "மாப்ள, சொட்டுநீர்க் குழாயை மிதிச்சுறாதீங்க" என்றது பிள்ளைகளைப் பார்த்தல்ல.

துணிப்பந்துக்கு ஆயுள் குறைவு. தெருப் பிள்ளைகளும் கேட்க ஆரம்பித்ததில் அம்மாவுக்கு இப்போது ஆர்டர் அதிகம். காலையில் ஆபீஸுக்குக் கிளம்பினால் பீரோவில் ஒற்றைச் சாக்ஸ்தான் இருக்கிறது. மனைவியிடம் கேட்டேன். "அதையும் போட்டுட்டுப் போயிறாதீங்க. அத்தை எடுத்து வைக்கச் சொல்லியிருக்காங்க."