மூன்றாவது மடிப்பு

ஒவ்வொரு அலுவலகத்திலும் ஓர் அக்கா இருப்பார். சம்பளப் பிடித்தத்தில் சந்தேகம் என்றால் கணக்குப் பிரிவுக்குப் போவார்கள். ஜாக்கெட் கழுத்தில் சந்தேகம் என்றால் இவரிடம் வருவார்கள். மதுரையில் இருப்பவரை எனக்கு நன்றாகத் தெரியும். மற்ற ஊர்களிலும் இவருடைய கிளைகள் இயங்கி வருவதாகக் கேள்வி.

அக்கா இன்ஸ்டாகிராமில் புடவைக்கென்று ஒரு பக்கம் ஆரம்பிக்கப் போகிறார். 2015-லிருந்து ஆரம்பிக்கப் போகிறார். அந்த வருஷம்தான் பெங்களூரில் அஞ்சு மௌத்கல் கதம், ஆலி மாத்தன் என்ற இரண்டு தோழிகள், வருஷம் முடிவதற்குள் நூறு தடவை புடவை கட்டுவது, ஒவ்வொன்றையும் படம் எடுத்து அதன் கதையோடு போடுவது என்று தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதைப் பார்த்து ஊர் ஊராகப் பெண்கள் பீரோவைத் திறந்தார்கள். அக்காவும் திறந்தார். கையில் வந்த முதல் புடவைக்கு மேட்சிங் ஜாக்கெட் இல்லை. மூடிவிட்டார்.

அதே வருஷம் ஆகஸ்ட் 7-ஐத் தேசியக் கைத்தறி நாள் என்று அறிவித்து, முதல் விழாவைச் சென்னையில் நடத்தினார்கள். 1905-இல் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கிய நாள் அது. தொடங்குவதற்கு இதைவிட நல்ல நாள் ஏது என்று அக்கா ஆண்டுதோறும் அந்தத் தேதியைக் குறித்து வைப்பார். ஆனால் ஆகஸ்ட் 7 எந்த வருஷமானாலும் ஆடியில்தான் விழுகிறது. ஆடியில் யாராவது புதிதாக ஒன்றைத் தொடங்குவார்களா?

ஆவணி வந்தால் தையல்காரர் கிடைக்க மாட்டார். மீனாட்சி கோயில் எதிரே புதுமண்டபத்தில் இருந்த கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது, அக்காவின் ஃபால்ஸ் அடிப்பவரும் அந்தக் கூட்டத்தில் போய்விட்டார். புதுக் கடையின் எண்ணைத் தேடுவதில் ஒரு சீசன் கழிந்தது. அப்புறம் ரிங் லைட் இல்லாமல் எப்படி என்று ஒன்று வாங்கினார். இப்போது அதில் அவருடைய கணவரின் துண்டு காய்கிறது.

திறமை இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாண வீட்டில் அக்காவைப் பார்க்க வேண்டும். நாலு ஊக்கை உதட்டில் கடித்துக்கொண்டு, மணப்பெண்ணின் மாராப்பை இரண்டு விரலால் நீவி, வாயைத் திறக்காமலே “மூச்சை இழு... விடு... இப்ப உட்காந்து எந்திரி” என்று உத்தரவு போடுவார். அவர் வைத்த கொசுவம் தாலி கட்டி, பந்தி முடிந்து, மறுவீடு போகும்வரை நிற்கும். “அரக்குக்குப் பச்சைதான் போடணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? மாம்பழ மஞ்சளைப் போட்டுப் பாரு” என்பார், போட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும். புடவை கட்டும் முறைகளில் 108 விதங்களை ரிதா கபூர் சிஷ்டி என்ற ஆய்வாளர் தொகுத்திருக்கிறார். அக்காவுக்கு 109-வது ஒன்று தெரியும்: கட்டி, படம் எடுத்து, பிடிக்காமல் அவிழ்ப்பது.

படம் எடுப்பது ஞாயிற்றுக்கிழமை நடக்கும். ஒளிப்பதிவு அவருடைய கணவர். முதல் படத்தில் பாதம் இருக்காது. இரண்டாவதில் பாதம் இருக்கும், நெற்றி இருக்காது. மூன்றாவதில் எல்லாம் இருக்கும், கூடவே அவருடைய கட்டைவிரலும் இருக்கும்.

“நல்லாத்தான இருக்கு?”

“எது நல்லா இருக்கு? கொசுவத்தைப் பாருங்க. மூணாவது மடிப்பு ஏறி நிக்குது.”

அவர் போனைக் கண்ணருகே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, கண்ணாடியைக் கழற்றியும் பார்ப்பார். இத்தனை வருஷத்தில் அந்த மூன்றாவது மடிப்பு அவருக்குத் தென்பட்டதே இல்லை. இதைச் சொல்லிவிடும் அளவுக்கு அவர் அனுபவமில்லாதவரும் இல்லை. “ஆமா, லேசா” என்பார். புடவை அவிழ்ந்து மீண்டும் கட்டப்படும்.

நீங்களே எடுத்துக்கொள்ளலாமே என்றால், முன்பக்கக் கேமராவில் கண்ணாடி போலத் தெரிவதால் முந்தி வலது தோளுக்குப் போய்விடுகிறது. அதைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றுகிறது. நிறம் இன்னொரு தொல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி மேடையில் கட்டி, அவர் பெயரையே வாங்கிக்கொண்ட எம்.எஸ். ப்ளூ, வீட்டு டியூப்லைட்டில் ரெனால்ட்ஸ் பேனா மூடி மாதிரி விழுந்தது. “இதைப் போட்டா எம்.எஸ். அம்மாவுக்கே துரோகம்” என்று அழித்தார். மயில் கழுத்து நிறத்துக்குப் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நடந்தால் பச்சை அடிக்கும், திரும்பினால் நீலம் அடிக்கும். போனுக்கு இரண்டில் ஒன்றுதான் அகப்பட்டது. அதையும் அழித்தார். அக்காவின் போனில் இடமே இல்லாமல் போனதற்கு, அழிப்பதற்குமுன் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் படங்கள்தான் காரணம்.

இதில் வேடிக்கை, கடைக்குப் போனால் அக்கா வேறு ஆள். ஒருமுறை கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகளைச் சுங்குடி வாங்க அழைத்துப் போனார். அந்தப் பெண் அச்சடித்த புடவை ஒன்றை எடுக்க, அக்கா பிடுங்கி வைத்துவிட்டு, ஒரிஜினலைப் பிரித்துக் காட்டினார். துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சை அவிழ்த்தால் கட்டிய இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். துணியில் அந்தச் சுருக்கம்கூட மிச்சமிருக்கும்.

“பாரு, ஒரு புள்ளி பெருசு, ஒரு புள்ளி சிறுசு, இது கோணல். அதான் கை வேலை. 2005-லயே புவிசார் குறியீடு வாங்கின சரக்குடி. அச்சடிச்சது எல்லாம் ஒரே அச்சா இருக்கும், உசுரே இருக்காது. காஞ்சிபுரம் கோர்வையும் அப்படித்தான். உடம்பும் கரையும் சேர்ற இடத்தைத் தடவிப் பாரு, லேசா மேடு பள்ளம் தட்டும்.”

“அப்ப உங்க மூணாவது மடிப்பு மட்டும் ஏன் அத்தை ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கணும்?”

“அது வேற, இது வேற” என்றார் அத்தை. எது எப்படி வேறு என்பதற்கு விளக்கம் தரப்படவில்லை.

விளக்கம் எனக்குத் தெரியும். அக்காவின் பயம் ஊரைப் பற்றியது அல்ல, நாத்தனாரைப் பற்றியது. ஊரில் யாருக்கும் அடுத்தவர் கொசுவத்தை எண்ண நேரமில்லை. நாத்தனார் எண்ணுவார் என்பது அக்காவின் உறுதியான நம்பிக்கை. படம் எடுக்கும்போதெல்லாம் லென்சுக்குப் பின்னால் கணவர் அல்ல, அவருடைய தங்கைதான் நிற்பதாக அக்காவுக்குத் தோன்றும். அந்த முகச் சாயலும் சேர்ந்துகொள்ளும்.

கடைசியில் பயத்தை வென்றது தைரியம் என்று எழுத ஆசைதான். வென்றது வயிற்றெரிச்சல். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, கொசுவம் வைக்க அக்காவிடமே கற்றுக்கொண்டவள், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு புடவைப் பக்கம் தொடங்கியிருந்தாள். முந்தி குட்டை. ஃபால்ஸ் நூல் வெளியே தொங்குகிறது. பின்னால் தண்ணீர் கேன். இத்தனைக்கும் பாராட்டு குவிந்து கிடக்கிறது. அதைக்கூட அக்கா பொறுத்திருப்பார். ஆனால் அச்சு அசல் அரக்கு நிறத்துக்குக் கீழே ‘மெரூன்’ என்று எழுதியிருந்தாள்.

“அரக்கைப் போய் மெரூன்கிறா!”

அன்று ராத்திரியே பீரோ திறந்தது. அரக்குப் புடவை வந்தது. மேட்சிங் ஜாக்கெட் பார்க்கவில்லை. கைக்குக் கிடைத்ததைப் போட்டார். கூடத்தின் மூலையில் நின்றார், கணவர் ஒரே படம் எடுத்தார், அதிலும் கட்டைவிரல் லேசாகத் தெரிந்தது. “இதுதான் அரக்கு” என்று ஒரே வரி எழுதிப் போட்டுவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துப் படுத்துவிட்டார். தூக்கம் வந்ததா என்று கேட்காதீர்கள்.

காலையில் பார்த்தால் பாராட்டுகள். புடவை எங்கே எடுத்தது, என்ன விலை, வெயிலில் உலர்த்தலாமா என்று கேள்விகள். மூன்றாவது மடிப்பைப் பற்றி ஒரு பிள்ளை வாய் திறக்கவில்லை. அக்காவுக்கு இதில் சற்று ஏமாற்றம் என்றுகூடச் சொல்லலாம். அப்புறம் அந்தப் பெயர் வந்தது. நாத்தனார் எழுதியிருந்தார்:

“சூப்பர் அண்ணி. பின்னாடி தெரியிறது அம்மா எனக்குத் தர்றேன்னு சொன்ன பித்தளை அண்டாதான?”

மறுநாளே அண்டா பரணுக்கு ஏறிவிட்டது. அடுத்த ஞாயிறு அதே மூலையில், அண்டா இருந்த இடத்தில் சுவர் தெரிந்தது.

“பெயிண்ட் உரிஞ்சிருக்கே” என்றார் கணவர்.

“உரிஞ்சா உரிஞ்சுட்டுப் போகுது. எடுங்க.”